பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பை ஜூனிலேயே தொடங்கினால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்குவதால் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு நடக்கிறது, மெல்லக் கற்போருக்குத் தனிக் கவனம் தருகிறார்கள் என்று உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. பாராட்டித்தான் எழுதியிருந்தீர்கள். பாராட்ட வேண்டியதும்தான், வீட்டுச் சமையலை அரைகுறையாக முடித்துவிட்டு ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்து ஓடிவரும் ஆசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன், நானே அப்படி ஓடியிருக்கிறேன். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். (பணியில் இருந்திருந்தால் இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதியிருக்க முடியாது, ஓய்வில் அது ஒரு வசதி.) ஆனால் இந்தப் பிள்ளைகள் எதைப் படிக்காமல் விட்டார்கள், எப்போது விட்டார்கள் என்ற கேள்வியை அந்தச் செய்தியில் யாரும் கேட்கவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஜனவரியில் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தாலும் தேர்ச்சிக்கான 35 மதிப்பெண்ணைத் துரத்தும் வேலைதான் நடக்கும்.

2026 மார்ச்சில் தேர்வு எழுதுகிற பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் எங்கும் நிற்காமல் வந்தவர்கள் என்றால், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியபோது இவர்கள் நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு முழுக்கப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் கதவு திறந்தது, நவம்பர், டிசம்பர் மழை லீவில் பாதி போனது, ஜனவரியில் மறுபடி மூடி பிப்ரவரியில் திறந்தார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போட்டார்கள், உண்மைதான். ஆனால் நான் வேலை பார்த்த ஊர்களில் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து நீள்வகுத்தல் கற்றுக்கொண்ட ஒன்பது வயதுப் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான்காவது முதல் ஆறாவது வரைதான் நீள்வகுத்தல், பின்னம், தசமம் எல்லாம் கையில் படிகிற வயது. பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்று சொல்லித்தரும் 'முழுக்கள்' பாடம் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்தில் இருக்கிறது. 2022-இல் அந்தப் பருவம் எவ்வளவு அவசரத்தில் ஓடியது என்று அப்போது வகுப்பில் இருந்த எந்த ஆசிரியரும் சொல்வார்.

அப்புறம் அரசு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம்தான் 'இல்லம் தேடிக் கல்வி'யை அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு சாயங்காலம் தெருவிலேயே, திண்ணையிலேயே, தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். மாதம் 1,000 ரூபாய்க்கு எங்கள் ஊர்ப் பெண்கள் பார்த்த அந்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பொருளாதார அறிஞர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது என்றும், அப்படி மீண்டதில் கால்வாசிக்குக் காரணம் இந்தச் சாயங்கால வகுப்புகள்தான் என்றும் அதில் கண்டார்கள். சரியான வயதில், சரியான இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக எழுந்து வருகிறார்கள் பாருங்கள். என் கவலை மீதமிருக்கும் மூன்றில் ஒரு பங்கைப் பற்றியது. அது சராசரிக் கணக்கு வேறு, கடைசி பெஞ்சில் அந்த மூன்றில் ஒன்று இன்னும் பெரிதாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

அதற்குப் பிறகு வந்த திட்டங்கள் எல்லாம் இந்த ஒரு வரிசைப் பிள்ளைகளைத் தாண்டித் தாண்டிப் போயின. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது இவர்கள் ஏழாவதுக்குப் போய்விட்டார்கள். அதை நான்கு, ஐந்துக்கு நீட்டித்தபோது எட்டாவது. 2025-26 கல்வியாண்டில் 'திறன்' என்ற பெயரில் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்குக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், நல்ல திட்டம், அதுவும் ஒரே ஒரு வருடத்தில் இவர்களைத் தவறவிட்டுவிட்டது. எட்டாம் வகுப்பு வரை எப்படியும் தேர்ச்சி உண்டு. ஆக, ஏழின் வாய்ப்பாடு தெரியாத ஒரு பிள்ளை யார் கண்ணிலும் படாமல் பத்தாவது வந்து சேர்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இப்போது சிறப்பு வகுப்புக்கு வருவோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எல்லாப் பள்ளியிலும் நடப்பது இதுதான்: மதிப்பெண் பட்டியலை எடுத்து 35-க்குக் கீழே இருப்பவர்களைத் தனியாக எழுதுவார்கள், ஆசிரியர் ஒருவருக்கு நான்கைந்து பேரைத் தத்து கொடுப்பார்கள், தேறுவதற்கு வேண்டியதை மட்டும் தொகுத்த மினிமம் மெட்டீரியல் நகல் எடுத்துத் தருவார்கள். கணக்குத் தாளில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16 மதிப்பெண், ஒரு மதிப்பெண் கேள்வி 14, அதில் பத்து தேறினாலும் 26, ஐந்து இரண்டு மார்க் கேள்விகள் போட்டால் 36, பாஸ். இந்த வழியைப் பிள்ளைக்குக் காட்டுவதில் தப்பே இல்லை. ஜனவரியில் ஒரு பிள்ளை 12 மார்க்கோடு நின்றால் நானும் அதைத்தான் செய்வேன், செய்திருக்கிறேன். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கான 75-இல் 20 எடுத்தால் போதும் என்பதை முதலில் சொன்னவுடன் முகம் தெளிகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆனால் 'சுலபமான மார்க்' என்று நாம் சொல்லும் அந்த வரைபடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். இருபடிச் சமன்பாட்டுக்கு வளைவரை வரைய வேண்டும். முதலில் அட்டவணை போட வேண்டும், எக்ஸ் மதிப்பு மைனஸ் மூன்றில் ஆரம்பிக்கும். மைனஸ் மூன்றின் வர்க்கம் ஒன்பது. பிள்ளை மைனஸ் ஒன்பது என்று எழுதுவான். அடுத்தது மைனஸ் நான்கு என்பான், அடுத்தது மைனஸ் ஒன்று. மேலே ஏற வேண்டிய கோட்டின் இடது பக்கம் முழுக்கக் கீழே விழும், வளைவரை வராது, எட்டு மார்க்கில் அச்சு வரைந்ததற்கும் அளவுத்திட்டம் எழுதியதற்கும் கொஞ்சம் கிடைக்கும். அவனுக்குத் தெரியாதது பத்தாம் வகுப்பு வரைபடம் இல்லை, ஆறாம் வகுப்பு மைனஸ். கூட்டுத்தொடர் வரிசையிலும் இதே கதைதான், சூத்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான், பொது வித்தியாசம் மைனஸில் வந்தால் நின்றுவிடுவான். இந்தப் பிள்ளைக்கு ஜனவரியில் அதே வரைபடத்தை முப்பது தடவை போடவைக்கிறோம். கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறான், வேறு கேள்வி வந்தால் போச்சு.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம், புதிய பெயர், தொடக்க விழா எதுவும் வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பத்தாம் வகுப்புக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அதில் பத்தாம் வகுப்புக் கணக்கு எதுவும் இருக்கக் கூடாது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க, இரண்டு பின்னங்களைக் கூட்ட, மைனஸ் எண்களைக் கூட்ட, பெருக்க, ஒரு எண்ணோடு ஐந்தைக் கூட்டினால் பன்னிரண்டு என்றால் அந்த எண் என்ன என்று கண்டுபிடிக்க, இவ்வளவுதான். மதிப்பெண் போட வேண்டாம், யாருக்கு எது வரவில்லை என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது விதமான பிரச்சினை இருக்காது. நான்கைந்து பிரச்சினைதான் திரும்பத் திரும்ப வரும். வகுத்தல் வராத கூட்டம் ஒன்று, பின்னம் தடுக்கும் கூட்டம் ஒன்று, மைனஸில் விழும் கூட்டம், அது எப்போதும் பெரிய கூட்டம். ஜூன், ஜூலை இரண்டு மாதம் கணக்குப் பீரியடில் முதல் இருபது நிமிடம் இதற்கு. அந்தந்தக் கூட்டத்துக்கு அந்தந்த வேலை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அந்த நேரத்தில் பாடத்திலிருந்து கடினமான கணக்கு போடட்டும், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும், டீச்சரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவன் பக்கத்து பெஞ்சுப் பையனிடம் கேட்பான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுப் பெண்ணிடம் போய் வாய்ப்பாடு சொல் என்றால் அவள் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அவமானம். அதனால் அந்தப் பழைய பாடத்தைப் பத்தாம் வகுப்புப் பாடத்துக்குள்ளேயே வைத்துக் கொடுக்க வேண்டும். முதல் அலகு 'உறவுகளும் சார்புகளும்'. ஒரு சார்பில் மைனஸ் இரண்டைப் பிரதியிடச் சொன்னால் மைனஸ் கணக்கு தானாக வந்துவிடும், யாருக்கும் ஆறாம் வகுப்புக்குத் திருப்பி அனுப்பிய மாதிரித் தெரியாது. இது புத்தகத்தை நன்றாகத் தெரிந்த ஆசிரியரால் முடியும், ஆனால் 'ஜூலைக்குள் இத்தனை அலகு முடித்தாயா' என்று கேட்கிற அதிகாரி இருந்தால் முடியாது. பாடத்தை முடிப்பது வேறு, பிள்ளைக்குப் புரிவது வேறு என்று ஆய்வுக் கூட்டங்களில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அடுத்த பள்ளியின் சதவீதத்தைத்தான் பதிலாகக் காட்டுவார்கள்.

தமிழும் இப்படித்தான் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையால் சமூக அறிவியல் கேள்வியை மூன்று மணி நேரத்துக்குள் படித்து முடிக்கவே முடியாது, பிறகு எங்கே பதில் எழுதுவது. இதை எழுதத் தகுதியுள்ளவர்கள் வேறு பேர், நான் விட்டுவிடுகிறேன்.

படிப்பு விட்டுப்போவது கொரோனாவோடு முடிந்துபோன விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கமும் திருவண்ணாமலை பக்கமும் பொங்கல் முடிந்த கையோடு கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள். பத்தாவது படிக்கிற பெண்ணைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார்கள், தம்பியையும் அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், சமைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். சரியாக அந்த மாதத்தில்தான் நாம் காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். வரவில்லை என்றால் 'ரெகுலராக வருவதில்லை' என்று எழுதி வைக்கிறோம். முதல் திருப்புதல் தேர்வை அவள் எழுதவில்லை, இரண்டாவதையும் எழுதவில்லை, ஹால் டிக்கெட் வாங்க மட்டும் வருகிறாள். இதே வேலையை ஜூனில் ஆரம்பித்திருந்தால் பெற்றோர் ஊருக்குத் திரும்பும் காலத்தில், வீட்டில் ஆள் இருக்கும் காலத்தில், பாதியாவது முடிந்திருக்கும்.

அந்தக் காலை வகுப்பில் இன்னொரு விஷயம், சாப்பாடு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியம் சத்துணவு உண்டு, காலையில் ஒன்றும் இல்லை. எட்டு மணி வகுப்புக்கு வர ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளை எதைச் சாப்பிட்டிருக்கும்? அவன் ஒன்பது மணிக்கு மேசையில் தலை வைத்தால் ஆர்வம் இல்லை என்கிறோம். சில பள்ளிகளில் ஆசிரியர்களே கைக்காசு போட்டு பிஸ்கட்டும் சுண்டலும் வாங்கித் தருகிறார்கள், ஊர்க்காரர்களும் உதவுகிறார்கள். ஆனால் அது ஆளைப் பொறுத்த விஷயம், ஹெச்.எம். (தலைமையாசிரியர்) மாறினால் சுண்டலும் நின்றுவிடும். சிறப்பு வகுப்பு வைக்கச் சொல்லி உத்தரவு போடும்போதே அந்த நாட்களுக்குப் பத்தாம் வகுப்புக்கும் காலைச் சாப்பாடு என்று ஒரு வரி சேர்த்தால் வருகைப் பதிவேடு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். மாலை வகுப்பென்றால் ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு பஸ் கிடையாது, அதையும் யாராவது யோசிக்க வேண்டும்.

சதவீதத்தைப் பற்றிச் சொன்னேன். 2025-இல் பத்தாம் வகுப்பில் 93.80 சதவீதம் தேர்ச்சி. தேர்வு எழுதிய 8.71 லட்சம் பேரில் ஏறத்தாழ 54,000 பேர் தேறவில்லை என்று அதே எண்ணை மாற்றியும் படிக்கலாம். இது தேர்வு எழுத வந்தவர்கள் கணக்கு மட்டும். வராமலே போனவர்கள் தனி. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்று பெரிய செய்தியாக வந்ததே, நினைவிருக்கிறதா? அவர்கள் 2021-இல் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் 'ஆல் பாஸ்' ஆன வரிசை. விட்டுப்போன படிப்பை யாரும் திருப்பித் தராமலே இரண்டு வகுப்பு மேலே ஏற்றிவிட்டோம். அவர்களில் பலர் பெயர் பதிவேட்டிலும் ஆள் திருப்பூரிலோ ஏதோ ஒரு கடையிலோ இருந்தார்கள். தேர்வு நாளில்தான் நாம் தலையை எண்ணினோம்.

36 வாங்கித் தேறுகிறவனுக்கும் பிரச்சினை அன்றோடு முடிவதில்லை. பாலிடெக்னிக் போனால் முதல் வருடத்திலேயே கணக்கு, ஐ.டி.ஐ. போனால் அளவும் பின்னமும், காமர்ஸ் எடுத்தால் சதவீதம். பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள், பிள்ளைகளுக்கு ஒரு வருடம் மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்பதால் எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்த ஒரு வருடத்தையாவது பழைய ஓட்டைகளை அடைக்கப் பயன்படுத்தலாம். பல பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை அப்போதே ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது, தனியார் பள்ளிகள் முன்பு அப்படித்தான் செய்தன.

இந்த வருடப் பிள்ளைகளுக்கு ஜூன் போய்விட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். மினிமம் மெட்டீரியல் நடக்கட்டும், நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் காலை வகுப்பில் முதல் பத்து நிமிடம் மட்டும் மைனஸும் பின்னமும் போடுங்கள். அதற்குள் முழுதும் வந்துவிடாது, ஆனால் அந்த எட்டு மார்க் வரைபடம் தேறும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் நான்கைந்து பேராவது இருப்பார்கள்.

அப்புறம் மே மாதம். முடிவு வந்த அன்று பள்ளி வாசலில் இனிப்பு கொடுப்பார்கள், முதல் மதிப்பெண் பிள்ளையோடு படம் எடுப்பார்கள், உங்கள் நாளிதழிலும் வரும். தேறாத பிள்ளைக்கு ஜூலையில் துணைத்தேர்வு. இடையில் ஆறேழு வாரம் இருக்கிறது. பள்ளிக்கு வந்து படியுங்கள் என்று கூப்பிடச் சொல்லித் துறையும் சொல்கிறது, பல ஹெச்.எம்.கள் கூப்பிடவும் செய்கிறார்கள். ஆனால் கோடை விடுமுறை, ஆசிரியர்களுக்கு இடமாறுதல் கலந்தாய்வு, புதுப் பத்தாம் வகுப்பு வேறு, அந்த இரண்டு மூன்று பேர் வராந்தாவில் தாங்களாகவே உட்கார்ந்து படித்துவிட்டுப் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கென்று ஒரு ஆசிரியரை, அந்தப் பகுதியில் நான்கு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவரையாவது, பெயர் போட்டு நியமித்து அந்த நாட்களுக்கு ஈடாக விடுப்பும் கொடுக்கலாம். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் சும்மா இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். இதை மாவட்டக் கல்வி அலுவலர்கள் ஏப்ரலிலேயே முடிவு செய்தால்தான் நடக்கும், முடிவு வந்தபின் யோசித்தால் நடக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
திண்டிவனம்.